எண்பத்து நாலாயிரத்து நூற்றுப் பன்னிரண்டாவது கிலோமீட்டர்

— அந்த ஒயரப் புடுங்கு மொதல்ல. புடுங்கு மாமா, சொல்றேன் இல்ல?

— கத்தாத சந்தியா. இது இன்னா கிரைண்டரா, நெனச்சப்போ புடுங்கறதுக்கு? இஞ்சின் கம்ப்யூட்டருக்கு ட்யூனிங் ஃபைல் ஏத்தப் போறேன். பெங்களூர்க்காரன் வாட்ஸ்அப்ல அனுப்பி கீறான். ஏறிச்சின்னா இருவது குதிர சக்தி சேந்து வரும்.

— இருவது குதிரயா! இருக்கற குதிரயே எழுந்து நிக்க மாட்டேங்குது. அலிபிரி தாண்டி மூணாவது வளைவுல வண்டி ஒக்காந்துக்கிச்சி. பின்னால வந்த பஸ்காரன் தெலுங்குல நம்ம வம்சத்தையே இழுத்தான். அதுக்குள்ள மறந்துட்டியா?

— அதுக்குத்தான இந்த ஃபைலு? சக்தி பத்தல, சக்தி குடுக்கறோம். அந்தே, அவ்ளோதான்.

— மூக்கு அடச்சிக்கினு கெடக்கறவனுக்கு இன்னொரு தட்டு சோறு வெக்கறியா? மூச்சு ஏன் வரலன்னு பாக்க மாட்ட?

— உனுக்கு இதுல இன்னாமே தெரியும்? குவைத்துல பதினோரு வருஷம் வண்டி ஓட்டுனவன் நானு. மொதலாளி வூட்ல எட்டு சிலிண்டர் வண்டி. எட்டு!

— ஓட்டுன. யாரு இல்லன்னா? ஒரு நாளு பானெட்ட தொறந்தியா? அந்த வண்டில வார்னிங் லைட்டு எரிஞ்சா கம்பெனிக்கு ஃபோன் பண்ணுவாங்க, ஆளு வந்து பாப்பான், நீ நெழல்ல ஒக்காந்து டீ குடிப்ப. நீயே பெருமயா சொன்னதுதான்.

— டெக்னாலஜி கண்ணால பாத்தாலே புரிஞ்சிடும். போ, போயி இட்லி ஊத்து. மணி ஏழு ஆவுது. பத்து மணிக்கு காணிப்பாக்கம் கெளம்பணும். வரதராஜன் அண்ணன் ஊருல நாலு பெரிய மனுசங்கள இட்டுக்கினு அவரு வண்டில வராரு. நம்ம வண்டி நொண்டிக்கினு போனா மானம் பூடும்.

— இட்லி அப்பவே ஊத்தியாச்சி. மானமா? நல்லா சொன்ன போ. என் கூடப் பொறந்தவன கொளத்துல முக்கி, ஈரத்துணியோட புள்ளயாரு முன்னால நிக்க வெச்சி, நான் திருடலன்னு சத்தியம் வாங்கப் போற. அதுக்கு வண்டி ஜம்முன்னு போவணுமா? மேளம் வெக்கலியா, மாமா? பட்டாசு?

— உன் தம்பின்னு பேசற. நானு சும்மா ஒண்ணும் சொல்லல. ஆறு மாசமா சண்முகம்தான் வண்டி ஓட்டுனான். வேலூர் ஆஸ்பத்திரி சவாரி, திருமல சவாரி எல்லாம் அவன் கைலதான். இப்போ மேடு ஏற மாட்டேங்குது. நானும் டீசல் சென்சார் ரெண்டு தபா மாத்திட்டேன். சரியாவல. அப்போ இன்னா அர்த்தம்? ஒரிஜினல் கம்ப்யூட்டர் பொட்டிய வேலூர்ல வித்துட்டு டூப்ளிகேட்ட மாட்டி வெச்சிட்டான். அந்தே.

— ரெண்டு தபா நீ தப்பா மாத்துன, அதனால அவன் திருடன். நல்ல ஞாயம். எந்த ஊரு டெக்னாலஜி இது?

— தப்பு பண்லன்னா பிரமாணம் பண்ணட்டுமே. பண்ணிட்டான்னா நான் நம்பிக்கினு போறேன்.

— நம்பிக்கினு போவாராம்! அப்புறம் அவன் எங்க வருவான்? காணிப்பாக்கத்துல சத்தியம் வாங்குன வூடும் குடுத்த வூடும் ஒண்ணுக்கொண்ணு கை நனைக்காது. உங்க பெரியப்பன் வூட்ல பாக்கலியா? ஒரு கறவ மாட்டுக்காகப் பிரமாணம் வாங்குனாரு. மாடும் செத்துச்சி, அவரும் செத்தாரு. எதிர் வூட்ல இருந்து ஒருத்தன் எட்டிப் பாத்தானா?

— அது அந்தக் காலம்.

— இந்தக் காலத்துல மட்டும் வந்துடுவாங்களா? எங்க நைனா போனப்புறம் எனுக்குப் பொறந்த வூடுன்னா சண்முகம் ஒருத்தன்தான். நம்ம பொண்ணு பிரியங்காவுக்குப் பதினொண்ணு முடியுது. நாளைக்கி அவ வயசுக்கு வந்து ஒக்காந்தான்னா தாய்மாமன் வந்து ஓல கட்டணும். யாரு கட்டுவா? உன் பெங்களூர்க்காரன் வாட்ஸ்அப்ல கட்டி அனுப்புவானா?

— சந்தியா, நீ அழுதா நான் எறங்கிடுவேன்னு பாக்காத.

— அழறனா? உன் முன்னாலயா? தூ. நான் ஒண்ணு சொல்றேன், கேளு. பத்து மணிக்கு இன்னும் மூணு மணி நேரம் கீது. கோளாறு எங்கன்னு நான் காட்டறேன். காட்டிட்டேன்னா பிரமாணம் கெடயாது. சண்முகம் எடுக்கல, என் தப்புன்னு ஊரு முன்னால நீ உன் வாயால சொல்லணும்.

— நீ காட்டுவியா? ஃபோன் கம்பெனில தலைக்கி குல்லா மாட்டிக்கினு ஒக்காந்திருக்கறவ காரு ரிப்பேர் பண்ணப் போறியா?

— ஆறு வருஷமா ரேணிகுண்டாவுக்கு பஸ் ஏறிப் போயி லென்ஸ் வெச்சி சர்க்யூட் போர்டு பாக்கறேன். ஒரு ஷிஃப்டுக்கு எண்ணூறு போர்டு. எதுல ஈயம் ஒட்டல, எதுல துரு ஏறி கீதுன்னு ரெண்டு செகண்டுல சொல்லணும். சொல்லலன்னா சூப்பர்வைசர் திட்டுவாரு, அதுவும் தெலுங்குல. உன் வண்டில இருக்கறதும் ஒரு போர்டுதான். சக்கரம் வெச்ச போர்டு. ஒத்துக்கறியா இல்லியா?

— சரி, காட்டு பாக்கலாம். காட்டிட்டா ஊரு முன்னால நானே சொல்றேன். ஆம்பள பேச்சு.

— ஆம்பள பேச்சு. சரி. எழுந்து நவுரு, லேப்டாப்ப இப்டி குடு. மொதல்ல இதச் சொல்லு, லைட்டு எரிஞ்சா இத்தினி நாளா நீ இன்னா பண்ணுவ?

— கேபிள் சொருகுவேன். ஸ்கேன் குடுப்பேன். எரர் கோடு ஒண்ணு வரும். கிளியர் அமுக்குவேன், லைட்டு அணைஞ்சிடும்.

— அப்புறம்?

— அப்புறம் இன்னா, ரிப்பேர் ஆயிடுச்சி.

— அய்யோ சாமி! கொழந்த அழுதா வாய்ல துணிய அடச்சிட்டு, தூங்கிடுச்சின்னு சொல்ற மாதிரி கீது. கோடுக்குக் கீழ இன்னா எழுதி கீதுன்னு ஒரு நாளாவது படிச்சியா?

— இங்கிலீஷு. பத்து வரி வரும். அதெல்லாம் கம்பெனிக்காரனுக்கு எழுதறது.

— உனுக்குத்தான் எழுதறான்! சரி, அத அப்புறம் பாக்கலாம். சண்முகம் பொட்டிய மாத்திட்டான்னு சொன்ன இல்ல? இந்த சாஃப்ட்வேர்ல பொட்டிக்குள்ள இருக்கற சேசிஸ் நம்பர் காட்டும். தோ, இங்க அமுக்கு. வந்துச்சா? ஆர்.சி. புக்க எட்றா.

— எதுக்கு?

— எட்றா மாமா. படி, கடசி ஆறு நம்பர.

— நாலு, ஏழு, ரெண்டு, பூஜ்யம், ஒம்போது, மூணு.

— இங்க இன்னா போட்டுருக்குது? நாலு, ஏழு, ரெண்டு, பூஜ்யம், ஒம்போது, மூணு. வண்டியோட கம்பெனில இருந்து வந்த பொட்டி. அப்டியே கீது. எவனும் கழட்டல, எவனும் விக்கல.

— நம்பர எழுதியும் வெக்கலாம். பெங்களூர்ல செய்றாங்க, நான் வீடியோ பாத்தேன்.

— யாரு எழுதனது? நம்ம சண்முகமா? டிரைவிங் லைசன்ஸு ஃபாரத்துல அவன் பேர இங்கிலீஷ்ல நான் எழுதிக் குடுத்தேன். அவன் வேலூர்ல ஒக்காந்து கம்ப்யூட்டருக்குள்ள சேசிஸ் நம்பர் எழுதுனானா? அம்மாம் தெறமை இருந்தா உன் கிட்ட ஏன் வண்டி ஓட்டறான்?

— அப்டின்னா... பொட்டி ஒரிஜினலாவே இருக்கட்டும். உள்ள எதனா பண்ணி இருப்பான்.

— நாக்கு எப்டி பெரளுது பாரு! காலைல வரைக்கும் பொட்டியயே வித்துட்டான்னு சொன்ன. ஊரக் கூட்டி சொன்ன. இப்போ உள்ள எதனா. இன்னும் செத்த நேரம் போனா பெட்ரோல் வாசனய திருடிட்டான்னு சொல்லுவ.

— இது டீசல் வண்டி.

— அது ஒண்ணாவது உனுக்குத் தெரிஞ்சிதே! சரி, நீ மொத மொத ஸ்கேன் பண்ண ரிப்போர்ட்டு இதுல கீதா?

— அது எதுக்கு? பழசு. தானா சேவ் ஆயி இருக்கும். எங்கியோ கெடக்கும்.

— தோ கெடக்குது. கிளியர் அமுக்கறதுக்கு முன்னால எடுத்தது, புண்ணியம். கேளு, தமிழ்ல சொல்றேன். டீசல் பிரஷர் சென்சார், சிக்னல் வோல்டேஜ் கம்மி. சென்சார் செத்துப் போச்சின்னு சொல்லல, பாத்தியா? அது அனுப்பற சேதி சரியா வந்து சேரலன்னு சொல்லுது. எங்க லைன்ல இப்டி வந்தா நாங்க பார்ட்ட மாத்த மாட்டோம், மொதல்ல ஜாயிண்ட பாப்போம். நீ என்னடான்னா ரெண்டு சென்சார வாங்கி மாட்டிக்கினு ஒருத்தன திருடன்னு சொல்லிக்கினு கீற.

— ஜாயிண்டு எல்லாம் டைட்டாத்தான் கீது. நான் வெளியில இருந்து பாத்தேன்.

— வெளியில இருந்து! இரு, இன்னும் கீது. இந்தக் கோளாறு மொத தபா எப்ப வந்துச்சின்னும் எழுதி வெச்சி கீது. எண்பத்து நாலாயிரத்து நூத்திப் பன்னெண்டாவது கிலோமீட்டர்ல.

— இருக்கட்டும். அப்போதான் அவன் கைய வெச்சிருப்பான்.

— அவசரப்படாத. உன் ஃபோன குடு. செகண்ட் ஹாண்ட்ல இந்த வண்டி வாங்கி காணிப்பாக்கத்துக்குப் பூஜைக்கி எட்த்துக்கினு போனோமே, அன்னிக்கி மீட்டருக்குக் குங்குமம் வெச்சி ஒரு ஃபோட்டோ எட்த்த, ஞாபகம் கீதா? ஸ்டேட்டஸ்ல போட்ட. குவைத்ல இருந்து எல்லாரும் மாஷா அல்லா, மாஷா அல்லான்னு அனுப்புனாங்க.

— இருக்குது. ஏன்?

— பெருசு பண்ணு. மீட்டர்ல இன்னா நம்பர்?

— எண்பத்து நாலாயிரத்து... தொண்ணூத்தி ஏழு.

— கோளாறு வந்தது நூத்திப் பன்னெண்டுல. கோயில்ல இருந்து பதினஞ்சாவது கிலோமீட்டர். சித்தூர் டவுனு தாண்டுனதும். அன்னிக்கி வண்டி ஓட்டுனது யாரு?

— ...நான்தான்.

— சண்முகம் எங்க இருந்தான்?

— பின் சீட்டுல.

— பின் சீட்டுல இன்னா பண்ணிக்கினு இருந்தான்? கம்ப்யூட்டரு கழட்டிக்கினு இருந்தானா?

— நீதான் தேங்கா பையக் குடுத்திருந்த. மடில வெச்சிக்கினு இருந்தான்.

— அவன் எப்போ வண்டி ஓட்ட ஆரம்பிச்சான்?

— ரெண்டு மாசம் கழிச்சி.

— அன்னிக்கி லைட்டு எரிஞ்சிதா இல்லியா? என் மூஞ்சப் பாத்து சொல்லு மாமா.

— ஒரு தபா எரிஞ்சிது. நல்ல நாளும் அதுவுமா எதுக்கு சொல்றதுன்னு... சாவிய திருப்பி திருப்பிப் போட்டேன். அணைஞ்சிடுச்சி.

— அப்போ உனுக்குத் தெரியும்!

— தெரியும்னு இல்ல. மறந்துட்டேன். சத்தியமா மறந்துட்டேன் சந்தியா.

— சத்தியம் வேற! வேணாம், உன் வாய்ல அந்த வார்த்தய கேட்டாலே எரியுது. பானெட்ட தொற. பேட்டரி ஒயர ஒண்ணு கழட்டு. மொதல்ல கருப்பு ஒயரு. கருப்புடா சாமி, அது செவப்பு!

— தெரியும், தெரியும்.

— எம்மாம் தெரிஞ்சி கீதுன்னு நான் பாத்துக்கினுதான கீறேன். அந்தப் பொட்டிய பாரு. பேட்டரி பக்கத்துல, ஒயருங்க கொத்தா போவுதே, அதுதான் உன் கம்ப்யூட்டரு. அதோட கிளிப்ப தூக்கு. மெதுவா. மாட்டுப் பல்லப் புடுங்கற மாதிரி புடுங்காத. அப்டியே என் பக்கம் திருப்பு, டார்ச்சு அடி.

— இன்னா?

— பாத்தியா? பச்சை பூத்துக்கினு கீது. ரெண்டாவது வரிசையில நாலு பின்னும். எங்க லைன்ல இது வந்தா கொழந்த கூட ரிஜெக்ட்டுன்னு சொல்லும். செப்புல தண்ணி பட்டு ஊறிக் கெடந்தா இப்டித்தான் ஆவும். ஆனா இன்னாத்துக்கு பிசுபிசுன்னு ஒட்டுது?

— தூசு. ரோட்டு தூசு.

— தூசு மஞ்சளா இருக்குமா? மோந்து பாரு. மோந்து பாரு மாமா, மூக்க இப்டி குடு.

— வுடு சந்தியா.

— தோ ஓரத்துல செவப்பா ஒட்டிக்கினு கீது, இது இன்னா? குங்குமம். இஞ்சினுக்குள்ள யாரு கல்யாணம் பண்ணிக்கினா? பேசு. இப்போ மட்டும் டெக்னாலஜி வாய மூடிக்கிச்சா?

— அய்யரு சக்கரத்துக்கு எலுமிச்சங்கா வெச்சாரு, பானெட்டு மேல பொட்டு வெச்சாரு, தேங்கா ஒடச்சாரு, போயிட்டாரு. எனுக்கு மனசு ஆறல. பதினோரு வருஷம் சந்தியா. எங்கம்மா சாவுக்குக் கூட லீவு குடுக்கல அந்த மொதலாளி. அந்தக் காசுல வாங்குன வண்டி. மேல மட்டும் பொட்டு வெச்சா போதுமா? உசிரு இருக்கறது இஞ்சின்லதான? நீங்க எல்லாம் பிரசாதம் வாங்கப் போயிட்டீங்க. சொம்புல மஞ்ச தண்ணி மிச்சம் இருந்துது, தேங்கா தண்ணி இருந்துது...

— ஊத்திட்ட.

— கொஞ்சம்தான். ஒரு சொம்பு.

— ஒரு சொம்பு! ஒரு சொம்பு மஞ்ச தண்ணி, ஒரு தேங்கா தண்ணி, எல்லாத்தயும் கம்ப்யூட்டரு தலைல. அது எட்டு மாசமா பச்சை புடிச்சிக்கினு கெடக்குது. அபிஷேகம் பண்ணவரு மறந்துட்டாரு. பொட்டி மறக்கல, கிலோமீட்டரோட எழுதி வெச்சிக்கினு ஒக்காந்து கீது.

— மனசாரத்தான் ஊத்துனேன்.

— அத நான் தப்புன்னு சொல்லல. பதினோரு வருஷம் நீ பட்டது எனுக்குத் தெரியாதா? ஆச இருந்துச்சி, ஊத்துன. ஊத்திட்டு இன்னொருத்தன திருடன்னு சொன்ன பாரு, அதுக்குத்தான் என் வயிறு எரியுது. சரி, நில்லாத. உன் டூல்ஸ் பொட்டில பின்னு சுத்தம் பண்ற கான்டாக்ட் கிளீனர் கீதா?

— இருக்குது. கிட்டோட வந்துது.

— குடு. இன்னா மாமா இது, சீலு கூட ஒடைக்கல? வேண்டியதுக்கு மட்டும் சீல ஒடைக்கறதில்ல. பழைய பல்லு வௌக்கற பிரஷ் ஒண்ணு எட்த்துக்கினு வா. குவைத்ல இருந்து கொண்டு வந்து அலமாரில வெச்சிருக்கியே, அதயே எட்றா. அதுக்காவது ஒரு வேல வரட்டும்.

— இந்தா.

— டார்ச்ச ஆட்டாம புடி. இப்டித்தான், பின்னு பின்னா. இந்த ஒண்ணு பாதி அரிச்சிக்கினு கீது, ஆனாலும் தாங்கும். ஊது. எச்சி தெறிக்காம ஊது! காயட்டும். நீ பேசாம இருந்தா சீக்கிரம் காஞ்சிடும்.

— இப்போ மாட்டட்டுமா?

— மாட்டு. டக்குன்னு சத்தம் வரணும். வந்துச்சா? கருப்பு ஒயர மாட்டு. இப்போ சாவி போடு, ஸ்டார்ட் பண்ணாத. லேப்டாப்புல பாரு. அந்த வோல்டேஜு நேத்து எம்மாம் காட்டுச்சி?

— பூஜ்யம் புள்ளி ஒண்ணு.

— இப்போ?

— பூஜ்யம் புள்ளி அஞ்சு. ஆடாம நிக்குது.

— இப்போ ஒரு தபா கிளியர் அமுக்கு. இப்போ அமுக்கறதுதான் அமுக்கறது. ஸ்டார்ட் பண்ணு... ஏத்து. இன்னும் ஏத்து. கேக்குதா? மூணு மாசமா இருமிக்கினு இருந்தது எப்டி பேசுது பாரு. ஒரு பெங்களூர்க்காரன் இல்ல, ஒரு குதிர இல்ல. ஒரு பல்லு பிரஷ்.

— சந்தியா! நீ... சூப்பர்மே! லைட்டே இல்ல! நம்ம ரெண்டு பேரும் சேந்து ஒரு ஒர்க் ஷாப்பே போடலாம் போல.

— நாம ரெண்டு பேருமா? நவுரு. ஃபோன எடு. சண்முகத்துக்குப் போடு, கெளம்ப வேணாம்னு சொல்லு. அப்புறம் வரதராஜன் அண்ணனுக்கு.

— போடறேன், போடறேன். இன்னா சொல்றது... லூஸ் கனெக்ஷன்னு சொல்லிடலாம். வண்டி சரியாயிடுச்சி, போவட்டும், சின்னப் பையன், மன்னிச்சி வுட்டுட்டேன்னு.

— மன்னிச்சியா? இன்னாத்த மன்னிச்ச?

— கோச்சிக்காத. எடுக்கலன்னே சொல்லிடறேன். அந்த மஞ்ச தண்ணி விஷயம் மட்டும் வேணாம்.

— அதுதான் விஷயமே. அத சொல்லலன்னா ஊரு இன்னா சொல்லும்? அக்காக்காரி புருசன மெரட்டி தம்பிய காப்பாத்திட்டான்னு சொல்லும். சாவற வரைக்கும் அவன் பின்னால பேசுவாங்க. நீ ஊத்துன, அதனால கெட்டுப் போச்சு. ரெண்டே வரி.

— ரெண்டு வரிதான், உனுக்கு லேசா கீது. வரதராஜன் அண்ணன் முன்னால, மேலத் தெரு, கீழத் தெரு எல்லாம் நின்னுக்கினு இருக்கும்போது நெஞ்சத் தட்டி சொன்னேன், அவன் திருடன்தான்னு. இப்போ இஞ்சினுக்கு அபிஷேகம் பண்ணேன்னு சொன்னா? ரோட்ல போவ முடியுமா? டீக்கடயில ஒக்கார முடியுமா? சொம்பு முரளின்னு பேரே வெச்சிடுவாங்க.

— அவனுக்கு நீ வெச்ச பேர வுட அது நல்லா கீது. ஆம்பள பேச்சுன்னு சொன்ன. காலைல, இதே எடத்துல.

— சொல்றேன், சொல்றேன்னு சொன்னேன் இல்ல? அவங்க வரட்டும். நேர்லயே சொல்லிடறேன். அந்தே. நச்சரிக்காத.

— சரி. நேர்ல சொல்லு, நானும் பக்கத்துல நிக்கறேன். தோ, சண்முகமே வரான் பாரு... இன்னாடா, மணி ஒம்போது கூட ஆவல? துண்டு எங்க, மாத்து வேட்டி எங்க? வெறுங்கையோட வர?

— வேணாங்க்கா. காணிப்பாக்கம் போவ வேணாம்.

— அத நாங்க சொல்ல இருந்தோம்டா, நீயே...

— இரு அக்கா, என்ன சொல்ல வுடு. வழியெல்லாம் சொல்லிப் பாத்துக்கினே வந்தேன். நடுவுல நிறுத்துனா மறந்துடுவேன். மாமா, பிரமாணம் வேணாம். நான்தான் எடுத்தேன்.

— இன்னாத்தடா எடுத்த?

— அந்தப் பொட்டி. கம்ப்யூட்டரு. வேலூர்ல வித்துட்டேன். வரதராஜன் அண்ணன் வூட்டுக்குப் போயி அவரு கிட்டயும் சொல்லிட்டுத்தான் வரேன். இனிமே உன் வண்டிய தொட மாட்டேன் மாமா. தப்புதான். மன்னிச்சிடு.

— சண்முகா, நிமிந்து என்னப் பாரு.

— பாத்துக்கினுதாங்க்கா கீறேன்.

— வேலூர்ல எந்தக் கட?

— மார்க்கெட்டு பக்கம். பேரு... ஞாபகம் இல்ல.

— பொட்டி எம்மாம் பெருசு இருந்துச்சி?

— இருந்துச்சி... நம்ம வூட்டு டிவி இல்ல, அதுல பாதி.

— எங்க இருந்து கழட்டுன? வண்டி தோ நிக்குது. தொட்டுக் காட்டு.

— டிக்கில... இல்ல, சீட்டுக்கு அடில. டிரைவர் சீட்டுக்கு அடில.

— டேய்... டேய் சண்முகா, உனுக்கு அது எங்க இருக்கும்னே தெரியலியேடா!

— கேள்வி கேக்காதக்கா, உனுக்கு புண்ணியமா போவும். பிரமாணம் பண்ணவன் இந்த வூட்டுக்கு வர முடியாது. திருடன் வர்லாம். பத்து நாளு பேச மாட்டீங்க, ஒரு மாசம் பேச மாட்டீங்க. அப்புறம் வர்லாம் இல்ல? பிரியங்காவுக்கு ஓல கட்ட திருடன் வரக் கூடாதுன்னு எங்கியும் இல்லியே.

— கேட்டியா மாமா? காதுல வுழுந்துதா?

— வுழுந்துது.

— இப்போ சொல்லு. காலைல சொன்னியே, அத சொல்லு. ஊரு முன்னால கூட அப்புறம் ஆவட்டும், மொதல்ல இவன் முன்னால சொல்லு.

— சந்தியா... அவனே ஒத்துக்கினான் இல்ல? வரதராஜன் அண்ணன் கிட்டயும் சொல்லிட்டான். எல்லாம் நல்லபடியா முடியறப்போ நாம எதுக்குக் கெளறணும்? சண்முகா, இந்தாண்ட வாடா. ஒத்துக்கறதுக்கும் ஒரு மனசு வேணும். நான் மன்னிச்சிட்டேன். எனுக்கு வண்டி பெருசு இல்ல, ஒறவுதான் பெருசு. வண்டியும் நானே சரி பண்ணிட்டேன் பாரு, லைட்டு கூட இல்ல.

— சண்முகா, கைய கழுவிக்கினு உள்ள போ. இட்லி ஊத்தி வெச்சி கீறேன், சட்டினி அடுப்பு பக்கத்துல கீது, வயிறு நெறய துன்னு. பிரியங்காவ எழுப்பி, தாய்மாமன் வந்து கீறான்னு சொல்லு. சாவிய இப்டி குடு மாமா. எனுக்கு ஓட்டக் கத்துக் குடுத்தவன் அந்தத் திருடன்தான், நானே ஓட்டறேன். கொடியில கெடக்குது பாரு துண்டு, அத எட்த்துக்கினு நீ வண்டில ஏறு. இன்னிக்கி காணிப்பாக்கத்துல கொளத்துல முழுகறது நீதான்.